உடல் விட்டுக்கொடுக்காத எடை

மனித உடலின் எடையைக் கண்காணிக்கும் இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ். சில கிராம் மட்டுமே எடையுள்ள இந்தப் பகுதிக்கு இரைப்பை, குடல், கொழுப்புத் திசு ஆகியவற்றிலிருந்து ஓயாமல் சேதி வந்துகொண்டிருக்கிறது. இரைப்பை காலியானதும் அங்கே சுரக்கும் கிரெலின் பசியைக் கிளப்பும். சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். போன்ற ஹார்மோன்கள் சுரந்து, போதும் என்ற உணர்வைக் கொண்டுவரும். இவை வேளைக்கு வேளை நடப்பவை. உடலில் எவ்வளவு கொழுப்பு கையிருப்பில் இருக்கிறது என்ற நீண்டகாலக் கணக்கைச் சொல்வது லெப்டின். கொழுப்புத் திசுவே சுரக்கும் இந்த ஹார்மோனை 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அடையாளம் கண்டனர்.

லெப்டின் சுரக்காமலே பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓரஹிலியும் சதஃப் ஃபாரூக்கியும் ஆராய்ந்த அத்தகைய ஒரு சிறுமி, ஒன்பது வயதிலேயே 90 கிலோவைத் தாண்டியிருந்தாள். எவ்வளவு சாப்பிட்டாலும் அவளுக்குப் பசி தீர்ந்ததில்லை. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் அந்தப் பசி அடங்கியது. எடை மாதாமாதம் இறங்கியது. 1999-இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகும், அதிகம் உண்பதை வெறும் நாக்குச் சபலம் என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கு மருத்துவத்தில் இடமில்லை. ஆனால் லெப்டின் எல்லோருக்கும் மருந்தாகும் என்ற நம்பிக்கை நீடிக்கவில்லை. பருமனாக இருக்கும் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே நிறையச் சுரக்கிறது; மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

எடை இறங்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு காட்டியது. போருக்குச் செல்ல மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். எடையில் ஏறத்தாழக் கால்பங்கு போயிற்று. அவர்களுடைய பேச்சிலும் கனவிலும் சாப்பாடே நிறைந்திருந்தது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை வழித்து நக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு வயிறு வலிக்கும் வரை உண்டும் பசி தீரவில்லை என்று சிலர் சொன்னார்கள். இவர்கள் யாரும் அதற்கு முன் உணவுக் கோளாறு உள்ளவர்கள் அல்லர்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் மீண்டும் அளந்து பார்த்தனர். 2016-இல் அந்த முடிவு வெளியானது. போட்டியின்போது சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள், 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்களது உடல் செலவழிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. எடை இறங்க இறங்கப் பசி கூடுகிறது, செலவு சுருங்குகிறது. பருமனுக்கான மருத்துவம் முழுவதும் உடலின் இந்தத் தற்காப்போடு நடத்தும் மல்லுக்கட்டுதான்.

யாருக்குச் சிகிச்சை?

கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. மேற்கு நாடுகளில் 25-க்கு மேல் மிகை எடை, 30-க்கு மேல் பருமன். இந்தியர்களுக்கு இந்த வரம்புகள் 23, 25 என்று தாழ்த்தி வைக்கப்பட்டுள்ளன. காரணத்தை விளக்க 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஒரு படமே போதும். பூனாவின் சி.எஸ். யாஜ்னிக், லண்டனின் ஜான் யட்கின் என்ற இரு மருத்துவர்கள் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலில் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்திருப்பது சகஜம். அதனால் இடுப்புச் சுற்றளவும் கணக்கில் வருகிறது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அகில இந்திய அளவில் இது 24, 23 விழுக்காடு. இவர்கள் எல்லோருக்கும் ஊசியோ அறுவை சிகிச்சையோ தேவையில்லை. பருமனால் உறுப்புகள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களையும், இன்னும் பாதிப்பு தொடங்காதவர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ‘லான்செட்’ ஆணையம் ஒன்று பரிந்துரைத்தது. மூட்டுவலி, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பது, கொழுப்புக் கல்லீரல், ரத்த அழுத்தம், மாதவிடாய்க் கோளாறு போன்றவற்றில் ஏதாவது எடையோடு சேர்ந்து வந்தால்தான் அது முழுமையான நோய்.

சிகிச்சைக்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, நோயாளி ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகள். மனநோய்க்குத் தரப்படும் ஒலான்சபின், குளோசபின், வலிப்புக்கான வால்புரோயேட், ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின் ஆகிய எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. அவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். தைராய்டு குறைபாட்டைப் பலரும் முதலில் சந்தேகிக்கிறார்கள். அதனால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான்.

கட்டுக்கடங்காமல் உண்பது

விருந்தில் ஒரு கை அதிகமாகச் சாப்பிடுவது நோய் அல்ல. ‘பிஞ்ச் ஈட்டிங்’ எனப்படும் கட்டுக்கடங்காமல் உண்ணும் கோளாறு முற்றிலும் வேறானது. குறுகிய நேரத்தில் மற்றவர்கள் உண்பதைவிட மிக அதிகமாக உண்பார்கள். நிறுத்த வேண்டும் என்று நினைத்தாலும் நிறுத்த முடியாது. பசியே இல்லாமல், வேகவேகமாக, வயிறு முட்டும் வரை, யாரும் பார்க்காத இடத்தில் உண்டு முடித்தபின் தன்மீதே அருவருப்பும் குற்றவுணர்வும் கவியும். வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதங்களுக்கு இப்படி நடந்தால் அது நோய் என்று கொள்ளப்படுகிறது. உண்டதை வாந்தியெடுத்தோ பேதி மருந்து தின்றோ வெளியேற்ற முயல்வது இதில் இருக்காது; அது இருந்தால் புலிமியா என்ற வேறு கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-லேயே இதை விவரித்திருந்தும், மனநோய்களின் அதிகாரபூர்வ அமெரிக்கப் பட்டியலில் தனி நோயாக இடம்பெற 2013 வரை ஆயிற்று.

எடை குறைக்க வரும் பலரிடம் இந்தக் கோளாறு ஒளிந்திருக்கிறது. கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வெட்கம் இந்த நோயோடு ஒட்டியே வருகிறது. டாக்டரே முகம் சுளித்து ‘வாயைக் கட்டுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் நோயாளி மறுபடி வரமாட்டார். கிண்டலுக்கும் அவமதிப்புக்கும் ஆளாகிறவர்கள் மேலும் அதிகமாக உண்பதும், உடற்பயிற்சியைத் தவிர்ப்பதும், எடை கூடுவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

இதற்கு முதல் சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற முறையை உணவுக் கோளாறுகளுக்கு ஏற்றவாறு ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் வடிவமைத்தார். இதன் முதல் படி பலருக்கு வியப்பளிக்கும்: குறைத்துச் சாப்பிடச் சொல்வதில்லை, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறது. காலையில் வெறும் காபி, மதியம் இரண்டு வாய் என்று பகலெல்லாம் பட்டினி இருந்தவருக்கு இரவு பத்து மணிக்கு மேல் கட்டுப்பாடு உடைவது இயல்பு. மினசோட்டா இளைஞர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. எனவே மூன்று வேளைச் சாப்பாடு, இடையே இரண்டோ மூன்றோ சிற்றுண்டி, எதற்கும் நடுவே மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமை. உண்டதையும் உண்டபோது மனம் இருந்த நிலையையும் உடனுக்குடன் குறித்துவைக்க வேண்டும். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை மட்டும். சண்டைக்குப் பிறகா, தனிமையிலா, சம்பளம் வந்த அன்றா, எது தூண்டுகிறது என்பது அந்தக் குறிப்பேட்டில் சில வாரங்களில் தெரிய வரும். ‘ஒரு லட்டு தின்றாயிற்று, இன்றைய நாள் பாழ், இனி எல்லாவற்றையும் தின்னலாம்’ என்ற எண்ண ஓட்டத்தை எப்படி முறிப்பது என்பது அடுத்த கட்டம்.

இந்தச் சிகிச்சையால் கட்டுப்பாடிழப்பு நன்றாகக் குறைகிறது, பலருக்கு நின்றே போகிறது. எடை மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை. இதை முன்பே சொல்லிவிடுவது நேர்மை. மருந்துகளில் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் 2015-இல் அமெரிக்காவில் இந்தக் கோளாறுக்கென்றே அனுமதி பெற்றது. ஊக்க மருந்து வகையைச் சேர்ந்ததால் அடிமையாகும் அபாயம் உண்டு, எடைக்குறைப்புக்காக அதைத் தருவதில்லை. டோபிராமேட் என்ற வலிப்பு மருந்தும் சிலருக்கு உதவுகிறது. ஞாபக மந்தமும் கைகால் மதமதப்பும் அதன் தொல்லைகள். கருவுற்ற பெண்களுக்குக் கூடாது.

தட்டில் தொடங்கும் சிகிச்சை

கெவின் ஹால் 2019-இல் நடத்திய இன்னொரு ஆய்வில் 20 பேர் மருத்துவமனையிலேயே தங்கி, இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவையும் வேண்டிய மட்டும் உண்டார்கள். இரண்டிலும் பரிமாறப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறத்தாழ ஒன்றே. பாக்கெட் உணவு வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. இந்தியத் தட்டில் வேறொரு சிக்கல்: ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் என்ற ஆய்வின்படி கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய்கறியைக் கூட்டுவதே இங்கே பெரும்பாலோருக்குப் பொருந்தும் உணவு முறை. புரதமும் நார்ச்சத்தும் வயிறு நிறைந்த உணர்வை நீட்டிக்கின்றன.

பத்துக் கிலோ குறையாவிட்டால் பயனில்லை என்று எண்ண வேண்டியதில்லை. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்குகளால் சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில் எடை கிட்டத்தட்டக் குறையவே இல்லை. ஆனாலும் உணவு, நடை மாற்றத்தால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு தணிந்தது.

கடுமையான முறைகளும் உண்டு. பிரிட்டனின் ‘டைரக்ட்’ ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே திரவ உணவாகக் குடித்தார்கள். ஓராண்டில் 46 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமல் சர்க்கரைக் கட்டுப்பாட்டை அடைந்தனர். இது மருத்துவக் கண்காணிப்பில் செய்ய வேண்டியது. கட்டுக்கடங்காமல் உண்பவர்களுக்கு ஏற்றதல்ல.

மாத்திரைகளின் பழைய கதை

எடைக்குறைப்பு மருந்துகளின் வரலாறு துயரமானது. 1930-களில் அமெரிக்காவில் விற்ற டைநைட்ரோஃபீனால் உடலைக் கொதிக்க வைத்துக் கொழுப்பை எரித்தது. பலர் கண்புரையால் பார்வை இழந்தனர், சிலர் இறந்தனர். பின்னர் வந்த ஆம்ஃபெட்டமின் அடிமைப்படுத்தியது. ஃபென்ஃபுளூரமின் இதய வால்வைக் கெடுத்ததால் 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. ரிமோனாபன்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் 2008-இல் ஐரோப்பாவில் நின்றது. சிபுட்ரமின் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டியதால் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டது. ‘மூலிகை’ என்ற பெயரில் விற்ற எடைக்குறைப்புப் பொடிகளில் சிபுட்ரமின் கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லாத பொடியை, அது எத்தனை நட்சத்திரங்கள் விளம்பரம் செய்ததாக இருந்தாலும், தொடக்கூடாது.

பழையவற்றில் நிலைத்தது ஆர்லிஸ்டாட். உணவின் கொழுப்பில் சுமார் 30 விழுக்காட்டைச் செரிக்கவிடாமல் வெளியேற்றும். எண்ணெய்ப் பலகாரம் தின்றால் எண்ணெயாகவே மலம் கழியும். பலர் அதனாலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பல்லி விஷத்திலிருந்து ஊசிக்கு

குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 இரண்டொரு நிமிடத்தில் ரத்தத்தில் சிதைந்துவிடும். அதனால் மருந்தாகப் பயன்படாமல் கிடந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில் ஜி.எல்.பி-1 போலவே வேலை செய்து, ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளை 1992-இல் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த எக்ஸெனடைட் 2005-இல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. அடுத்து லிராகுளூடைட் நாளுக்கு ஒரு ஊசியாக வந்தது. செமாகுளூடைட் வாரம் ஒரு ஊசியாக வந்தது. இவற்றைப் போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிகள் மெலிவதைக் கண்ட பிறகே பருமனுக்கு மருந்தாக ஆராய்ந்தார்கள்.

இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. அதைவிட முக்கியமாக, மூளையில் பசியைத் தணிக்கிறது. நாள் முழுதும் அடுத்து என்ன சாப்பிடலாம் என்று மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த நினைப்பு ஓய்ந்துபோவதாகப் பலர் சொல்கிறார்கள். 1,961 பேர் பங்கேற்று 2021-இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் செமாகுளூடைட் போட்டவர்களின் எடை சராசரி 14.9 விழுக்காடு குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடு. ஜி.எல்.பி-1-ஓடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்யும் டிர்ஸெபடைட், அதிகபட்ச அளவில் 72 வாரங்களில் 20.9 விழுக்காடு குறைத்தது. இதய நோயுள்ள 17,604 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றைச் செமாகுளூடைட் 20 விழுக்காடு குறைத்ததாக 2023-இல் தெரியவந்தது. பருமன் மருந்துகளின் வரலாற்றில் இதயத்தைக் கெடுத்தவற்றுக்குப் பின் இதயத்தைக் காத்த மருந்து இது.

இந்தியாவில் டிர்ஸெபடைட் 2025 மார்ச்சிலும், எடைக்குறைப்புக்கான செமாகுளூடைட் ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாகக் கூட்டுவது முறை. அவசரப்பட்டுக் கூட்டினால் குமட்டலும் வாந்தியும் வாட்டும். மலச்சிக்கல், பித்தப்பைக் கல் வரலாம். அரிதாகக் கணைய அழற்சி வரலாம். தைராய்டின் மெடுலரி புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது. கருத்தரிக்க விரும்புவோர் செமாகுளூடைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இன்சுலினோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரெனத் தாழலாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கு முன்பும் ஊசி போடுவதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இரைப்பையில் உணவு தங்கியிருக்கும். இழக்கும் எடையில் கணிசமான பங்கு தசை என்பதால் போதிய புரதமும் பளுப் பயிற்சியும் கட்டாயம். கல்யாணத்துக்கு ஐந்து கிலோ குறைய வேண்டும் என்பதற்கான ஊசி அல்ல இது.

அறுவை சிகிச்சை

1966-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் இரைப்பை மாற்றுப்பாதை அறுவையைத் தொடங்கினார். இன்று அதோடு அதிகம் செய்யப்படுவது இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்து ஒரு குழாயளவுக்குச் சுருக்கும் ‘ஸ்லீவ்’ முறை. இரைப்பை சின்னதாவது மட்டும் காரணமல்ல. கிரெலின் சுரக்கும் பகுதி போய்விடுகிறது, ஜி.எல்.பி-1 பலமடங்கு கூடுகிறது. ஆக இந்த அறுவையும் ஹார்மோன் வழியாகவே பசியை அடக்குகிறது. 1987-இல் தொடங்கி அறுவை செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வீடன் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 2022-இன் சர்வதேச வழிகாட்டுதலின்படி பி.எம்.ஐ 35-க்கு மேல் இருந்தால் அறுவை பரிந்துரைக்கத்தக்கது, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம்.

அறுவைக்குப் பின் வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுதும் எடுக்க வேண்டும். தொடர்ந்து வாந்தி வந்தால் தயமின் குறைந்து நரம்பு பாதிக்கப்படும். இனிப்பு தின்றால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரலாம். மாற்றுப்பாதை அறுவைக்குப் பின் மது சட்டென்று தலைக்கேறும். சிலர் புதிதாகக் குடிக்கு அடிமையாகிறார்கள். கட்டுக்கடங்காமல் உண்ணும் கோளாறு இருந்தவர்களுக்குச் சில ஆண்டுகளில் அது வேறு உருவில் திரும்பக்கூடும்: ஒரே மூச்சில் உண்ண முடியாததால் நாள் முழுதும் கொறிப்பார்கள். அதனால்தான் அறுவைக்கு முன்னும் பின்னும் மனநலப் பரிசோதனை வேண்டும் என்கிறார்கள். இங்கே பல இடங்களில் அது ஒரு கையெழுத்தோடு முடிந்துபோவது கவலைக்குரியது.

எத்தனை காலம்?

செமாகுளூடைட்டை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். டிர்ஸெபடைட்டிலும் இதே போக்கு. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதை யாரும் நோயாளியின் தோல்வி என்று சொல்வதில்லை. இதையும் அப்படியே பார்க்க வேண்டும். பலருக்கு இது ஆண்டுக்கணக்கான சிகிச்சை. அப்படியானால் மாதாமாதம் பல ஆயிரம் ரூபாய் செலவு யாருக்குக் கட்டுப்படியாகும் என்ற கேள்வி வருகிறது. செமாகுளூடைட்டின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைக்குமே. அதன் பிறகு உள்நாட்டு நிறுவனங்களின் மலிவான வடிவங்களுக்கு வழி திறக்கிறது. விலை இறங்கினால் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்குவோரும் பெருகுவார்கள் என்பதால் மருந்துக் கடைகளின் மீதான கண்காணிப்பு இறுக வேண்டியிருக்கும்.

நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வருபவர்களுக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு வழி கிடைத்திருக்கிறது. முதலில் எட்டு வாரம் குறைந்த கலோரி உணவில் மெலிந்த 195 பேரை நான்கு பிரிவாக்கி, ஓராண்டு லிராகுளூடைட் மட்டும், கண்காணிப்போடு கூடிய உடற்பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என்று பின்தொடர்ந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே அதிகம் பலனடைந்தனர். சிகிச்சை எல்லாவற்றையும் நிறுத்தி இன்னொரு ஆண்டு கழித்து அளந்தபோது, ஊசியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு எடை கூடுதலாகத் திரும்பியிருந்தது. ஊசியோடு பயிற்சியும் செய்திருந்தவர்கள் குறைத்த எடையில் பெரும்பகுதியைத் தக்கவைத்திருந்தார்கள்.